கல்வீட்டைத் திருத்துவதற்குச் சுண்ணாம்பா, சீமெந்தா? கட்டடமும் அதைக் கட்டத் தெரிந்த கைகளும்

முற்றம் (வடமராட்சி):

அனைவருக்கும் வணக்கம். பாட்டனார் காலத்து நாற்சார் வீடொன்று எங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய சுவர், பனஞ்சிலாகையில் (பனைமரச் சட்டத்தில்) பீலி ஓடு போட்ட கூரை, நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், தெருவாசலில் சங்கடப் படலை என்னும் கூரை வேய்ந்த வாயில். போர்க்காலத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்ததால் ஒரு மூலைக் கூரை இறங்கிவிட்டது. சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்ந்து கல் தெரிகிறது. வெளிநாட்டிலுள்ள சகோதரர்கள் திருத்தச் செலவுக்குப் பணம் அனுப்ப இப்போது சம்மதித்திருக்கிறார்கள்.

பார்வையிட வந்த ஒப்பந்தகாரரின் யோசனை இதுதான்: பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் சீமெந்து பூச வேண்டும், கூரையை இறக்கி இரும்புச் சட்டத்தின் மேல் தகரம் போட வேண்டும், முற்றத்தை மூடி மண்டபமாக்க வேண்டும். அப்படிச் செய்தால் நெடுங்காலத்துக்குக் கவலையில்லை என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் சகோதரர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது, காரணம் வேண்டும். விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாந்து (ஓய்வுபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர், சுன்னாகம்):

பிள்ளை, மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பேசலாம்; பூச்சைக் கொத்தும் வேலையை மட்டும் இன்றைக்கே நிறுத்திவையுங்கள்.

முருகைக்கல் நுண்துளைகள் நிறைந்த கல். பழைய வீடுகளில் ஈரந்தடுக்கும் படை வைக்கப்படவில்லை. ஆகவே நிலத்து ஈரம் அடியிலிருந்து சுவருக்குள் ஏறிக்கொண்டேயிருக்கும். குடாநாட்டின் பல இடங்களில், அதிலும் கடலை அண்டிய ஊர்களில், நிலத்தடி நீர் உவர் என்பதால் ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே போகவிடுகிறது. ஈரம் காய்கிற இடத்தில் உப்பு பூத்து, காலப்போக்கில் பூச்சு பொடிந்து விழும். பூச்சு விழுந்தாலும் கல் தப்பிவிடும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதும், உதிர்ந்த இடத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூசி எடுப்பதும் இந்தக் காரணத்தால்தான் வீட்டு வழக்கமாக இருந்தன.

அதே சுவரில் சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழி அடைபடும். பூச்சுக்குப் பின்னால், கல்லின் துளைகளுக்குள்ளேயே உப்பு படிகமாகும். படிகம் பெருக்கும்போது கல்லின் முகம் வெடித்துப் பொடியாகும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சுவர் சில ஆண்டுகள் வழுவழுப்பாகத்தான் தெரியும். பிறகு ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். விழுந்த பாளத்தைத் திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் விரற்கடை அளவு கல்லும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சந்தேகமிருந்தால், உங்கள் ஊரில் முன்பே சீமெந்து பூசிய பழைய கல்வீடு ஒன்றுக்குப் போய், இடுப்பளவு உயரத்தில் விரல் மொளியால் தட்டிப் பாருங்கள். உட்சுவர் விட்டுப்போன இடம் வேறு சத்தம் தரும்.

சீமெந்தை நான் குறை கூறவில்லை. புதுக் கட்டடத்துக்கு அது நல்ல பொருள். உத்தியோக காலம் முழுவதும் அதோடுதான் வேலை செய்தேன். ஆனால் போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதே 1824 இல். நமது காங்கேசன்துறைத் தொழிற்சாலை தொடங்கியது 1950 இல். அதற்கு முன்பு குடாநாட்டில் எழுந்த கற்கட்டடங்களைத் தாங்கி நின்றது சுண்ணாம்பு. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினார்கள். அதன் வெளியரண் வேலை முடிந்தது 1792 இல். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சுவர்கள் கடற்காற்றில் 200 ஆண்டு நின்றன. உள்ளேயிருந்த 1706 ஆம் ஆண்டின் ஒல்லாந்தர் தேவாலயம் விழுந்தது 1990 இல் நடந்த சண்டையில். சாந்து தளர்ந்து விழவில்லை.

பருத்தித்துறையூரான்:

சாந்து ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தும்பளைக்குப் போகும் வழியிலுள்ள தெருமூடி மடத்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தெரு மடத்தின் ஊடாகவே போகும்; இருபுறமும் உயர்ந்த திண்ணை, கல்தூண்கள், மேலே தெருவையும் சேர்த்து மூடிய கூரை. நடந்து போகிறவன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கித் திண்ணையில் சாயலாம், வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்காமலே நிழலில் நிற்கலாம். இன்றைய வாகனம் போகுமளவுக்கு உயரமாக அன்றே கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அது பெயர் பெற்றதால் பிழைத்தது. அதைப் போலத் தெருவோரத்தில் நின்ற சுமைதாங்கிகள், மாடுகள் உடலை உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக் கற்கள், சிறு மடங்கள், கேணிகள் எத்தனையோ வீதி அகலிப்பில் ஒரு படம்கூட எடுக்கப்படாமல் போய்விட்டன. கோட்டையையும் யாழ்ப்பாண நூலகத்தையும் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்ச் சந்தியில் நின்ற சுமைதாங்கியை இயந்திரம் பெயர்த்தெடுத்தபோது கேட்பதற்கு யாரும் இருக்கவில்லை.

கொழும்புத்துறைக்காரி:

நீங்கள் எல்லோரும் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அப்படியொரு வீட்டில் குடியிருக்கிறேன். மலசலகூடம் வளவின் அந்தலையில். என் தாயார் முழங்கால் நோவோடு மாரி மழையில் முற்றத்தைக் கடந்து போகிறார். மழை பெய்தால் ஓட்டுக்கூரை நாலு இடத்தில் ஒழுகும். ஓடு மாற்ற ஏறத் தெரிந்தவர் கிடைப்பதில்லை. முற்றத்தை மூடிவிடலாம் என்று ஒப்பந்தகாரர் சொன்னால் அதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். அதில் வாழ்கிறவர்களின் வசதியையும் கணக்கில் எடுங்கள்.

சாந்து:

தங்கச்சி கூறுவது முழுக்க நியாயம். கட்டடப் பாதுகாப்புக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே, கட்டடத்தைப் பயன்பாட்டில் வைத்திருப்பது அதன் பாதுகாப்புக்கு உதவும் என்கிறது; ஆனால் அந்தப் பயன்பாட்டுக்காகக் கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக்கூடாது என்று எல்லையும் போடுகிறது. ஆகவே பின் தாழ்வாரத்தோடு ஒட்டினாற்போல் ஒரு குளியலறையும் மலசலகூடமும் கட்டுங்கள். அதைச் சீமெந்திலேயே கட்டுங்கள். பழைய சுவரில் கட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டுத் தன் காலில் நிற்கவிடுங்கள். நாளைக்கு வேண்டாமென்றால் பழைய சுவருக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம்.

முற்றத்தை மூடுவது வேறு விடயம். சூடான காற்று மேலெழுந்து வெளியேறவும், அறைகளுக்குள் தாழ்வாரத்தின் நிழல்பட்ட காற்று வரவும் அந்தத் திறப்புத்தான் வழி. மூடிவிட்டால் பகலிலும் விளக்கும் விசிறியும் வேண்டியிருக்கும். சுவரின் ஈரமும் காயாது. தாயாருக்கு நனையாத நடைவழி வேண்டுமென்றால் தாழ்வாரத்தின் இறவாரத்தை ஒரு பக்கம் நீட்டிக் கொடுப்பது போதும்.

மேசன்மகன் (அச்சுவேலி):

என் தகப்பனார் மேசன். அவருடைய தகப்பனும் மேசன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். சுண்ணாம்பு நல்லதென்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறீர்கள். அதைப் பூசப்போகிறவன் யார் என்பதைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை.

சீமெந்து ஒரே நாளில் இறுகும். காலையில் குழைத்தால் மாலையில் கூலி வாங்கிக்கொண்டு போகலாம். சுண்ணாம்பு அப்படிப்பட்டதல்ல. சூளையில் சுட்ட கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றி, குழியில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். மணலோடு குழைத்து மெல்லிய படையாகப் பூச வேண்டும். தடித்துப் பூசினால் வெடிக்கும். ஒரு படை இறுகும்வரை ஈரச்சாக்கு போட்டுக் காத்திருந்து, பிறகுதான் அடுத்த படை. வெயில் நேரே படக்கூடாது, மாரியிலும் பூசக்கூடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாவதற்கு அது தன்பாட்டில் நேரம் எடுக்கும். என் தகப்பனார் பனங்கட்டி கரைத்த நீரையும் சேர்ப்பார்; சாந்து இழுபடாமல் சாந்தகப்பையில் வழுக்கிக்கொண்டு வரும் என்பார்.

இப்போது கேட்கிறேன்: காத்திருக்கும் நாளுக்குக் கூலி கொடுப்பது யார்? நாட்கூலிக்கு வேலை செய்கிறவன் இரண்டு படைக்கு இடையில் வீட்டில் இருந்தால் அவன் அடுப்பு எரியாது. எங்கள் ஆட்கள் சுண்ணாம்பைக் கைவிட்டதற்குக் காரணம் சோம்பலோ அறியாமையோ என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியல்ல. அந்த வேலைக்கு ஏற்றபடி கூலி கொடுக்கும் முறை இல்லாமல் போனதால் வேலையும் இல்லாமல் போனது. நானும் கொங்கிறீற்று வேலைதான் செய்கிறேன். சுண்ணாம்பு நீற்றுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தகப்பனார் இப்போது படுக்கையில் இருந்தாலும் பதம் கேட்டால் வாயால் சொல்வார். அவருக்குப் பிறகு அதைச் சொல்ல எங்கள் ஊரில் யாருமில்லை.

தேர்ச்சில்லு (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்):

தம்பி மேசன்மகன் எழுதியதை வாசித்தபின் எங்கள் தொழிலை நினைத்துப் பார்த்தேன். நாங்கள் தேரும் வாகனங்களும் செய்யும் மரச்சிற்ப வேலைக்காரர். போரில் எரிந்த, சிதைந்த தேர்களுக்குப் பதிலாகக் கோயில்கள் புதுத் தேர் செய்விக்கின்றன. வெளிநாட்டுக் கோயில்களுக்கும் வாகனங்கள் போகின்றன. எனவே எங்கள் பட்டறையில் உளி பிடிக்கப் பழகும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். கை பழுதாகாமல் இருக்க வேண்டுமானால் வேலை இடைவிடாமல் வரவேண்டும்.

யப்பானிலுள்ள இசே கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013 இல் 62 ஆவது முறையாக நடந்தது. ஒரு தச்சன் தன் வாழ்நாளில் முதலில் உதவியாளாக, பிறகு தச்சனாக, பிறகு பழக்குகிறவனாக அந்த வேலையைக் காண இடமுண்டு. பாரிஸ் நொத்ரடாம் தேவாலயம் 2019 இல் எரிந்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்தபோது, அதன் கூரைக்கான கருவாலி மரங்களைக் கோடரியால் செதுக்கக்கூடிய தச்சர்கள் அங்கே இருந்தார்கள். இருந்திராவிட்டால் எவ்வளவு பணம் சேர்த்தும் பயனில்லை.

நமக்கும் அப்படியொரு வழக்கம் இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். 12 ஆண்டுக்கொருமுறை பாலஸ்தாபனம் செய்து, திருப்பணி முடித்துக் கும்பாபிஷேகம் செய்கிறோம். ஊர் முழுவதும் அதற்குப் பணம் தருகிறது.

சாந்து:

தம்பி, அந்த வழக்கம் இருப்பது உண்மை. ஆனால் அந்தத் திருப்பணிகளில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரை இடித்துக் கொங்கிறீற்று மண்டபம் கட்டுகிறோம். முன்பு சுண்ணாம்பில் செய்த சுதை வேலையைச் சீமெந்தில் செய்கிறோம். கருங்கல்லின் மேலும் வண்ணம் பூசுகிறோம். உருவம் செய்கிற சிற்பியின் கை தப்பிப் பிழைத்தது. சாந்து குழைக்கிறவனின் கையை அதே திருப்பணி தேவையற்றதாக்கிவிட்டது. இதில் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் பணமும் பக்தியும் தவறாத காலக்கணக்கும் ஒரே இடத்தில் சேர்வது கோயிலில் மட்டுந்தான். ஒரு பெரிய கோயிலின் அறங்காவலர் சபை, வெளிமதில் ஒன்றையாவது சுண்ணாம்பில் திருத்துவோம் என்று தீர்மானித்தால், ஒரு பரம்பரை மேசன்மார் பழகிவிடுவார்கள்.

நல்லூராள் (வரலாற்று ஆசிரியை):

சட்டத்தைப் பற்றி ஒருவரும் இன்னும் தொடவில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்தத்தின் நாள் அது. நமது நாற்சார் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. வர்த்தமானியில் தனியாக அறிவிக்கப்பட்டாலன்றி அவை தாமாகப் பாதுகாப்புக்குள் வரமாட்டா. தனியார் வீட்டைக் காப்பது முதலில் அதன் உரித்தாளிகளின் பொறுப்பாகவே இருக்கிறது.

அந்த உரித்தாளிகள் எங்கே? ஒருவர் இலண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இங்கே, ஒருவர் காலமாகிவிட்டார். காணி உறுதி பாட்டனார் பெயரிலேயே கிடக்கிறது. ஓடு சரிந்தால் மாற்றுவதற்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்பதே தெரியாமல் கூரை முழுவதும் இறங்குகிறது. எங்கள் நல்லூரில் சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரி மனையையும் யமுனா ஏரியையும் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவற்றுக்குப் பக்கத்து ஒழுங்கைகளில் கவனிப்பாரின்றிச் சரியும் வீடுகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

1621 இல் போர்த்துக்கேயர் இடித்த நல்லூர்க் கோயிலை நம் முன்னோர் 1734 இல் மறுபடி எழுப்பினார்கள். 1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்தைத் திருத்தியெடுத்தோம். பெரிய இழப்பென்றால் ஊர் எழுந்து நிற்கிறது. சிறிய இழப்பு மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முற்றம் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு கல்லைத் தொடுவதற்கு முன்பு வீட்டை அளந்து வரைந்துவிடுங்கள். சுவரின் தடிப்பு, நிலையின் உயரம், தூணின் இடைவெளி, கூரை தாங்கும் வளை மரத்துக்கும் சிலாகைக்கும் இடையிலான பொருத்து, எல்லாவற்றையும் பதியுங்கள். தாளில் வரைந்து கைத்தொலைபேசியில் படமெடுத்தாலே போதும். ஒரு பிரதியை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்தில் சேர்ப்பிக்கலாம். மேசன்மகன் தம்பியின் தகப்பனார் சொல்வதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள், அதைப் பிற்போடாதீர்கள்.

பருத்தித்துறையூரான்:

பொருளுக்கு எங்கே போவது என்ற கேள்வியும் உண்டு. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தத்தின்படி தடை. தடுத்ததும் சரியே, முருகைப்பாறை போனால் கரையும் மீனும் போகும். ஆகவே புதுக்கல் கிடையாது. இடிந்த வீடுகளின் கல்லை வீதி நிரப்பக் கொட்டாமல் சேர்த்து வைப்பதுதான் வழி. ஓட்டுக்கும் அதே கதை. பழைய தூணையும் கதவையும் வாங்கிப்போக வியாபாரிகள் வருகிறார்கள், நாம் விறகு விலைக்குக் கொடுக்கிறோம். அதே சாமானைப் பக்கத்து வீட்டுக்காரர் திருத்த வேலைக்குத் தேடிக்கொண்டிருப்பார்.

பனைமரத்துக்கும் கவனம் தேவை. முற்றிய மரத்தின் புறவைரம் மட்டுமே சிலாகைக்கு உதவும். உள்ளே இருக்கும் சோற்றி உதவாது. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளின் இடத்தை வடலிகள் இன்னும் நிரப்பவில்லை. எனவே இறங்கிய மூலையிலும் எல்லாச் சிலாகையையும் எறிந்துவிடாதீர்கள். உக்கிய நுனியை வெட்டிவிட்டு, நீளம் குறைந்ததைத் தாழ்வாரத்துக்குப் பயன்படுத்தலாம்.

மேசன்மகன்:

நல்லூராள் அக்கா சொன்ன ஒலிப்பதிவை இந்தக் கிழமை தொடங்கிவிட்டேன். காத்திருக்கும் நாள் கணக்குக்கு ஒரு வழி தோன்றுகிறது. ஒரே ஊரில் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து வேலையைக் கொடுத்தால், ஒரு வீட்டில் பூசிய படை இறுகும்வரை அடுத்த வீட்டில் பூசலாம். அது இறுகும்போது மூன்றாவது வீடு. மேசனுக்கு ஒரு நாளும் வீணாகாது. சுண்ணாம்புக் குழியும் மூன்று வீட்டுக்கும் ஒன்றே போதும். நீற்றும் வேலையைத் தகப்பனாரிடம் கேட்டு நான் பொறுப்பெடுக்கிறேன். இரண்டு இளம்பொடியன்கள் கூட வரச் சம்மதம். முழுக்கூலி கொடுத்தால் மட்டுமே. பழகுகிறார்கள் என்று கூலியைக் குறைக்க வேண்டாம்.

சாந்து:

இதைவிட நல்ல யோசனை இந்த இழையில் வரவில்லை. முதலில் ஒரு சிறு துண்டுச் சுவரில் பூசிப் பார்ப்போம். மணலின் பருமனும் சுண்ணாம்பின் பங்கும் ஊருக்கு ஊர் வேறுபடும். மணல் உவராக இருக்கக்கூடாது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். நல்ல கிணற்றுத் தண்ணீரில் குழையுங்கள். அளவு பார்க்க நான் வந்து நிற்பேன், அதற்குக் கூலி வேண்டாம்.

கொழும்புத்துறைக்காரி:

நான் தூரத்தில் இருப்பதால் அந்த மூன்று வீட்டில் சேர முடியாது. ஆனால் இறவாரத்தை நீட்டும் யோசனையைத் தாயாரிடம் சொன்னேன், விருப்பம் என்றார். சாந்து ஐயா, தூண் நடும்போது அத்திவாரம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று தனிமடலில் எழுதுவீர்களா?

முற்றம்:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே சகோதரர்களுக்கு அனுப்பினேன். மூத்த அண்ணா ஒப்பந்தகாரரின் மதிப்பீட்டை மறுத்துவிட்டார். இளையவருக்கு இன்னும் தயக்கம். தகரக் கூரையோடு ஒப்பிட்டுச் செலவுக் கணக்கு கேட்கிறார், அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் இன்னுமொரு கல்வீட்டுக்காரர் சேரச் சம்மதித்திருக்கிறார், ஆகவே இப்போது இரண்டு வீடு. மாரிக்கு முன்பு இறங்கிய மூலைக்குத் தற்காலிகமாகக் கிடுகு வேய்ந்து, சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். குழியை மார்கழிக்குள் வெட்டி நீற்றிவைத்தால் தை பிறந்து மழை விட்டதும் பூசத் தொடங்கலாம் என்று மேசன்மகன் தம்பி கணக்குச் சொல்கிறார். பருத்தித்துறைக்கும் அச்சுவேலிக்கும் இடையில் மூன்றாவது வீட்டுக்காரர் யாராவது இதை வாசித்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இடித்த வீட்டின் பீலி ஓடு, பழைய முருகைக்கல் வைத்திருப்பவர்களும் விலை சொல்லுங்கள். ஏற்றிப்போக உழவு இயந்திரம் எங்களிடம் இருக்கிறது.